கரும்பு வெட்டப் போறவங்க உடம்பப் பத்தி ஆய்வு பண்ணப் போறீங்களா? எந்தக் கேள்விய முதல்ல எடுக்கணும்னு முடிவு பண்றது எப்படி

பொது சுகாதாரம் படிக்கிறவங்க, நர்ஸிங் எம்எஸ்சி பண்றவங்க, சின்னச் சின்ன தொண்டு நிறுவனத்துல வேல பாக்குறவங்கன்னு வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது என்கிட்ட வந்து, வெளியூர் போயி விவசாய வேல பாக்குற ஜனங்களப் பத்தி ஒரு ஆய்வு பண்ணணும், என்ன டாபிக் எடுக்கலாம்னு கேக்குறாங்க. பாதிப் பேர் கையில கேள்வித்தாள் ஏற்கெனவே ரெடியா இருக்கும். பிபி, சுகர், ரத்தசோகை, குடிப்பழக்கம், அவ்ளோதான். தப்புன்னு சொல்லல, ஆனா அதே கேள்விய தாம்பரத்துல ஒரு அபார்ட்மென்ட்ல போயும் கேக்கலாம், கரும்புக்காட்டுல நிக்கிற ஆள்கிட்ட மட்டும் கேக்க வேண்டியது எதுவும் அதுல இருக்காது. இத்தன வருஷம் கொட்டாய் கொட்டாயா உக்காந்து பேசினதுல எனக்குப் புரிஞ்சத எழுதுறேன், கரும்பு வெட்டுறவங்கள வச்சே சொல்றேன், ஏன்னா எனக்கு நல்லாத் தெரிஞ்சது அவங்கதான்.

முதல்ல ஒரு விஷயம். நோய்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. அவங்களுக்கு ஒரு வருஷம் எப்படிப் போகுதுன்னு கேட்டு அங்கருந்து ஆரம்பிங்க.

ஒரு பெரிய சார்ட் பேப்பர எடுத்து பன்னெண்டு மாசத்தையும் தமிழ் மாசமாவே எழுதிக்கங்க, ஒரு குடும்பத்தோட உக்காந்து வேலைக்குக் கூட்டிட்டுப் போற மேஸ்திரிகிட்ட எப்ப முன்பணம் வாங்குனீங்க, எவ்ளோ வாங்குனீங்க, எப்ப கெளம்புனீங்க, எந்தெந்த ஊர், எப்ப திரும்புனீங்க, எப்ப வேலையில்லாம இருந்தீங்க, எந்த மாசம் கைல காசு இல்ல, எந்த மாசம் உடம்புக்கு முடியாமப் போச்சுன்னு ஒவ்வொண்ணா கேட்டு வரைங்க. பத்து குடும்பத்துக்கு இப்படி வரைஞ்சா போதும், உங்க ஆய்வு எங்க நிக்கணும்னு தானாத் தெரிஞ்சுடும். முன்பணம் எப்ப கைமாறுதுங்கிறத கண்டிப்பா குறிச்சுக்கங்க, கடைசில அதுக்குத் திரும்ப வருவேன்.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா பீட் மாவட்டத்துல நடந்தது அப்படி. மகாராஷ்டிராவுல மராத்வாடா பக்கம் பீட்னு ஒரு வறண்ட மாவட்டம், அங்கருந்து வருஷா வருஷம் சர்க்கரை மில்லுல கரும்பு அரவை தொடங்குறப்ப லட்சக்கணக்குல ஜனங்க கோலாப்பூர், சாங்லி, சதாரா, கர்நாடகாவுல பெலகாவின்னு கரும்பு வெட்டக் கெளம்புவாங்க. அங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் சேத்து ஒரே கணக்கு, அந்த ஜோடிக்குப் பேரே கொய்த்தா, அதாவது அருவா. முக்காதம்னு சொல்ற மேஸ்திரி முன்பணம் குடுத்துக் கூட்டிட்டுப் போவார், ஒரு நாள் வேலைக்கு வரலன்னா காசு பிடிப்பாங்க, நாளைக்கு 500 ரூபா பிடிச்சாங்கன்னு அந்தப் பெண்களே சொன்னது 2019ல செய்தியா வந்துச்சு. மாதவிடாய் வந்தா லீவு கிடையாது, வயல்ல கக்கூஸ் கிடையாது, தண்ணி கிடையாது, வெள்ளைப்படுதல்னு ஆஸ்பத்திரிக்குப் போனா கர்ப்பப்பைய எடுத்துடலாம்னு சொல்லி எடுத்துட்டாங்க. அப்புறம் மாநில அரசு கமிட்டி போட்டு 82,309 பெண்கள்கிட்ட கணக்கெடுத்ததுல 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுத்திருந்துச்சு. நூத்துக்கு கிட்டத்தட்ட 17 பேர். அதே காலத்து தேசிய குடும்ப நல சர்வேயில நாடு முழுக்க 15லருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல அது நூத்துக்கு 3 பேர்தான்.

இத அப்படியே மனசுல வச்சுக்கங்க. இந்தப் பெண்கள்கிட்ட போயி ரத்தசோகை எவ்ளோன்னு மட்டும் அளந்திருந்தா நம்பர் வந்திருக்கும், கட்டுரையும் வந்திருக்கும், கர்ப்பப்பை விஷயம் வெளிய வந்திருக்காது. அங்க உடம்பக் கெடுத்ததுல கூலிக் கணக்குக்கும் பங்கு இருக்கு, முன்பணம், லீவுக்குப் பிடிக்கிற காசு, டன் கணக்குக் கூலி எல்லாத்துக்கும் இருக்கு. அதனால எந்த நோயப் பத்தி ஆய்வு பண்ணாலும் கூலி எப்படிக் கணக்குப் பண்றாங்கன்னு ஒரு பக்கம் முழுசா கேள்வி வைங்க. வருமானம் எவ்வளவுன்னு ஒரு கட்டம் போட்டுட்டுத் தாண்டிப் போயிடாதீங்க.

அவங்கள வச்சே வரிசைப்படுத்துறது

ஆய்வுல எது முக்கியம்னு வரிசைப்படுத்துறதுக்கு உலகத்துல ரெண்டு மூணு முறை இருக்கு. இங்கிலாந்துல 2004லருந்து ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ்னு ஒரு அமைப்பு, நோயாளி, பராமரிக்கிறவங்க, டாக்டர் எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு முதல் பத்து கேள்விய எடுக்கும். சிஎச்என்ஆர்ஐன்னு இன்னொரு முறை, குழந்தைங்க நல ஆய்வுக்காக வந்தது, அதுல ஒவ்வொரு கேள்விக்கும் மார்க் போடணும்: இதுக்கு விடை கண்டுபிடிக்க முடியுமா, கண்டுபிடிச்சா பலன் இருக்குமா, ஜனங்ககிட்ட கொண்டு போய்ச் சேக்க முடியுமா, நோய் எவ்ளோ கொறையும், ஏழை பாழைக்கும் போய்ச் சேருமா. ரெண்டும் நல்ல முறைதான். ஆனா சிஎச்என்ஆர்ஐல மார்க் போடுறது பெரும்பாலும் நிபுணர்கள், கரும்புக்காட்டப் பாக்காத நிபுணர் போடுற மார்க்கு அவ்ளோ தூரம்தான் போகும். நான் என்ன பண்றேன்னா முதல் வரிசைய கொட்டாய்லயே எடுத்துடுறது, அந்த அஞ்சு கேள்விய அதுக்கு மேல சல்லடையா வச்சுக்கிறது.

கொட்டாய்ல எப்படிப் பண்றதுன்னா, பெண்கள் தனியா ஆண்கள் தனியா உக்கார வைங்க, மேஸ்திரி பக்கத்துல இருக்கக் கூடாது, அவர் நல்லவரா இருந்தாலும் கூடாது. உடம்புல என்ன கஷ்டம்னு அவங்க சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம் தரையில சாக்பீஸ்ல போடுங்க, இடுப்பு, தண்ணிக் கொடம், பாம்பு, புள்ளத்தாச்சி, மாத்திரை இப்படி. ஆளுக்குப் பத்து புளியங்கொட்டை குடுத்து எது ரொம்பக் கஷ்டமோ அங்க நெறைய வைங்கன்னு சொல்லுங்க. வச்சு முடிச்சதும் ஏன் இங்க இவ்ளோன்னு கேளுங்க, விஷயமே அந்தப் பேச்சுலதான் வெளிய வரும், கொட்டைய எண்ணுறது சும்மா பேச்ச ஆரம்பிக்கத்தான். நேரம் ரொம்ப முக்கியம், விடியக்காலையில காட்டுக்குப் போயிடுவாங்க, சாயந்தரம் பெண்களுக்கு சமையல், தண்ணி தூக்குறது, அப்ப போயி உக்காராதீங்க. மில்லு நின்னுபோயி வண்டி வராத நாள், கரும்ப வெட்டுங்கன்னு மில்லு குடுக்குற கட்டிங் ஆர்டர் லேட்டாகி சும்மா உக்காந்திருக்குற நாள், மழை பேஞ்ச மறுநாள், இதுதான் உங்களுக்கான நேரம், அதுக்கு முன்னாடியே ஒருத்தர் நம்பர வாங்கி வச்சுக்கிட்டு வண்டி வரலன்னா ஒரு போன் பண்ணுங்கன்னு சொல்லி வைக்கணும்.

எனக்கு இதுல கிடைச்ச பாடம் ஒண்ணு. நான் முதல் தடவ பண்ணப்ப சாப்பாடு, சத்துக்குறைவுதான் மேல வரும்னு நெனச்சுட்டுப் போனேன். பெண்கள் பக்கம் மலை மாதிரி குவிஞ்சது ஒதுங்க இடம் இல்லாததுக்கும், தண்ணிக்கும். பகல்ல ஒண்ணுக்கு வந்தா எங்க போறது, அதனால தண்ணியே குடிக்கிறதில்லன்னு ஒரு அக்கா சொன்னாங்க. ஆண்கள் பக்கம் குவிஞ்சது இடுப்பு வலியும் வலி மாத்திரையும். ரெண்டு குவியலையும் பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் எனக்கு உறைச்சது, தண்ணி கொறையுது, வெயில், வலி மாத்திரை, மூணும் போய் நிக்கிற எடம் கிட்னி.

கிட்னி விஷயத்தக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும்

2002ல எல் சால்வடார்ல டாக்டர்கள் ஒரு விஷயத்த எழுதுனாங்க, கிட்னி செயலிழந்து வர்றவங்கள்ல நெறைய பேருக்கு சுகரும் இல்ல பிபியும் இல்ல, கடலோர சமவெளில விவசாய வேல பாக்குற ஆம்பளைங்க. அப்புறம் நிகராகுவா கரும்புக் காடுகள்லயும் அதேதான்னு தெரிஞ்சது. இலங்கையில அனுராதபுரம், பொலன்னறுவை நெல் விவசாயிகள்கிட்ட 90கள்லருந்தே பாத்துட்டு இருக்காங்க, ஆந்திராவுல ஸ்ரீகாகுளம் மாவட்டம் உத்தானம் பகுதியும் இதுக்குப் பேர் போனது. வெயில்ல உடம்பு தண்ணி வத்துறதா, பூச்சி மருந்தா, குடிக்கிற தண்ணியா, வலி மாத்திரையா, எல்லாம் சேந்தான்னு இன்னும் சண்டை ஓயல. நிகராகுவாவுல கரும்பு வெட்டுறவங்க ஒண்ணுக்கு எரியுறத சிஸ்டாட்டான்னு சொல்லுவாங்க, நம்ம ஜனங்க சூடு பிடிச்சுக்கிச்சு, நீர்க்கடுப்புன்னு சொல்றாங்க பாருங்க, அதேதான். அதனால கேள்வித்தாள்ல சிறுநீர்ப்பாதைத் தொற்று அறிகுறி உண்டான்னு எழுதாதீங்க, இந்த சீசன்ல எத்தன தடவ சூடு பிடிச்சதுன்னு கேளுங்க, டக்குனு பதில் வரும்.

ஆனா கிட்னிய எடுத்தா ஒரு சிக்கல் இருக்கு, நெறைய பேர் அதுல மாட்டுறாங்க. நாள்பட்ட கிட்னி நோய்னு சொல்லணும்னா கோளாறு மூணு மாசத்துக்கு மேல நீடிக்கணும். இன்னைக்கு ரத்தம் எடுத்த ஆள் மூணு மாசம் கழிச்சு வேற ஜில்லாவுல இருப்பார். இன்னொண்ணு, கடுமையா வேல செஞ்சு முடிச்ச கையோட ரத்தம் எடுத்தா கிரியேட்டினின், அதாவது கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டுற ரத்த அளவு, தற்காலிகமா ஏறிக் காட்டலாம். அதனால சீசனுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி சொந்த ஊர்ல ஒரு தடவ, சீசன் நடுவுல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி காலையில ஒரு தடவ, திரும்பி வந்து ஓய்வெடுத்த அப்புறம் ஒரு தடவன்னு பிளான் பண்ணுங்க. காசு இல்லன்னா நடுவுல உள்ளத விட்டுடுங்க, முதலும் கடைசியும் வேணும்.

வலி மாத்திரைய வாய்ல கேட்டா மறந்துடுவாங்க. அட்டைய எடுத்து வைக்கச் சொல்லுங்க. காலி அட்டையெல்லாம் ஒரு கவர்ல போட்டு வச்சிருந்தா வாரம் ஒரு தடவ எண்ணிடலாம், டைக்ளோஃபெனாக் எத்தன, பாராசிட்டமால் எத்தன, கடைக்காரர் சில்லறையா வெட்டிக் குடுத்த பேர் தெரியாத கலர் மாத்திரை எத்தன. ஊசி போட்டுக்கிட்டதும் கேளுங்க.

வெயில அளக்குறது

டிவியில சொல்ற டெம்பரேச்சர் நெழல்ல எடுக்குறது. கரும்புக்காட்டுக்குள்ள காத்து புகாது, ஈரப்பதம் வேற. டபிள்யூபிஜிடின்னு ஒரு அளவு இருக்கு, சூடு, ஈரம், வெயில் நேரா படுறது, காத்து எல்லாத்தையும் சேத்துப் பாக்கும். ஐஎஸ்ஓ 7243ங்கிற சர்வதேசத் தர அளவு கணக்குப்படி பழக்கப்பட்ட ஆள் கடுமையான வேல செய்யணும்னா அது 26 டிகிரிக்கு மேல போனாலே யோசிக்கணும். அதோட பெண்கள் சோகை கிழிக்காம இருக்க சேலைக்கு மேல புருஷனோட முழுக்கை சட்டைய மாட்டியிருப்பாங்க, அந்தத் துணிக்கும் சேத்துக் கணக்குப் போடணும். கருவி விலை ஜாஸ்திதான், பக்கத்துல மருத்துவக் கல்லூரியிலயோ இன்ஜினியரிங் கல்லூரியிலயோ இருந்தா கடன் கேளுங்க.

தமிழ்நாட்டுல இதுக்கு முன்னுதாரணம் இருக்கு. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்துல வித்யா வேணுகோபால் குழு 800 கர்ப்பிணிப் பெண்கள வச்சுப் பண்ண ஆய்வுல, வேல எடத்துல அதிக வெப்பத்துல இருக்குறவங்களுக்குக் கரு கலையுறதும் குழந்தை இறந்து பிறக்குறதும் ரெண்டு மடங்கு ஆகுதுன்னு வந்துச்சு. உப்பளத் தொழிலாளர்கள்கிட்டயும் கிட்னியையும் வெப்பத்தையும் சேத்துப் பாத்திருக்காங்க. கரும்பு வெட்டப் போற பெண்கள் ஆறு ஏழு மாசம் வயித்தோடயே போறாங்க, அவங்கள ஊர் ஊராப் பின்தொடர்ந்து பாக்குற ஆய்வு வேணும், கைல ரெண்டு மூணு வருஷமும் ஆளும் இருக்குற யாராவது தயவு செஞ்சு இத எடுங்க.

இதுல சின்னதா ஒரு கேள்வி, எம்எஸ்சி அளவுக்குப் போதும்: முதல் வாரம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒண்ணுலருந்து ரெண்டு வாரம் ஆகும். சும்மா இருந்துட்டு வந்த ஆள் முதல் நாளே முழு டன்னுக்கு வெட்டுறார், ஏன்னா முன்பணத்த அடைக்கணும். முதல் பத்து நாள்ல மயக்கம், கிறுகிறுப்பு, கெண்டைச்சதை இழுக்குறது எத்தன பேருக்கு வருது, அப்புறம் எவ்ளோ கொறையுது? ஒரு நோட்டும் ஒரு டவுன் பஸ் பாஸும் இருந்தா இத ஆரம்பிச்சுடலாம்.

ஆள எங்க பிடிக்கிறது

காட்டுல மட்டும் போயி எடுத்தீங்கன்னா தெம்பா இருக்குறவங்கதான் கெடைப்பாங்க. முடியாதவங்க ஊர்லயே நின்னுட்டாங்க, இல்ல பாதியில திரும்பிட்டாங்க. அப்புறம் கரும்பு வெட்டுறவங்க நல்ல ஆரோக்கியம்னு ஒரு முடிவு வரும், அது முழுப் பொய். ரெண்டு பக்கமும் போகணும், கெளம்புற ஊரும் போற ஊரும். கெளம்புற ஊர்ல போன வருஷம் போயி இந்த வருஷம் போகாத வீடுகளக் கண்டிப்பா தேடிப் போங்க, ஏன் போகலன்னு கேளுங்க.

பெரிய சர்வே நம்பர நம்பி சாம்பிள் போடாதீங்க. 2007-08 தேசிய மாதிரி ஆய்வுல குறுகிய கால இடப்பெயர்வுன்னா ஒரு மாசத்துலருந்து ஆறு மாசத்துக்குள்ள வெளிய தங்குனவங்க. அரவை ஆறு மாசத்தத் தாண்டிடுச்சுன்னா நம்ம ஆள் அந்தக் கட்டத்துக்குள்ளயே வரமாட்டார், ஊருக்குத் திரும்பிட்டதால நிரந்தரமாப் போனவர்னும் வரமாட்டார். பேசாம கேங்கு கேங்கா லிஸ்ட் எடுங்க. கரும்பு அலுவலர்கிட்ட எந்தெந்த ஊர்ல வெட்டு நடக்குதுன்னு கேட்டா தெரிஞ்சுடும், கெளம்புற ஊர்ல ரேஷன் கடையும் ஸ்கூல் டீச்சரும் உதவுவாங்க, எந்தப் புள்ள எந்த மாசம் ஸ்கூலுக்கு வரலன்னு டீச்சருக்கு அத்துப்படி. போன் நம்பர் சீசனுக்கு சீசன் மாறும், ஊர்ல இருக்குற பாட்டி நம்பர், மளிகைக் கடை நம்பர்னு ரெண்டு வாங்கி வைங்க.

டெல்டாவுல இப்ப மேற்கு வங்கத்துலருந்து நாத்து நட வர்றாங்க, அவங்கள எடுக்குறதா இருந்தா பெங்காலி தெரிஞ்ச ஆள் இல்லாம போகவே போகாதீங்க, அவங்க ஏஜென்ட மொழிபெயர்க்கச் சொல்றது மேஸ்திரிய பக்கத்துல வச்சுக் கேக்குறதுக்குச் சமம். பாம்புக்கடி, குழந்தைங்க தடுப்பூசி, டிபி மாத்திரை நடுவுல நின்னு போறது, இதெல்லாமும் நல்ல தலைப்புதான். டிபி சிகிச்சை சாதாரணமா ஆறு மாசம், சீசனும் கிட்டத்தட்ட அவ்ளோதான், மாத்திரை எந்த ஊர்ல விட்டுப்போச்சுன்னு தேடுனாலே ஒரு ஆய்வு.

அனுமதி, பணம், ரகசியம்

எத்திக்ஸ் கமிட்டிக்குப் போறப்ப ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்ல எளிதில் பாதிக்கப்படுறவங்களப் பத்தின பகுதிய நெசமாவே படிச்சுட்டுப் போங்க. மேஸ்திரி சரின்னு சொல்றது காட்டுக்குள்ள கால் வைக்கத்தான், ஒவ்வொரு ஆளும் தனியா சரின்னு சொல்லணும், வேணாம்னும் சொல்ல முடியணும். டன் கணக்குக் கூலிங்கிறதால நீங்க எடுக்குற அரை மணி நேரம் அவங்க காசு. அந்தக் கூலிய பட்ஜெட்ல போடுங்க, பிஸ்கட் பாக்கெட் குடுத்து முடிக்காதீங்க.

யாருக்கு கிட்னி கோளாறு, யாருக்கு டிபி, யார் முழுகாம இருக்காங்கங்கிற லிஸ்ட் மேஸ்திரி கைக்கோ மில்லு கைக்கோ எந்தக் காரணத்துக்கும் போகக் கூடாது. போச்சுன்னா அடுத்த வருஷம் அவங்களுக்கு முன்பணம் கெடைக்காது, வேலையும் போயிடும். பேர் இல்லாம நம்பர் போட்டு வைங்க, பேரும் நம்பரும் சேந்த நோட்டு உங்க வீட்டுப் பீரோவுல பூட்டி இருக்கட்டும். அதே மாதிரி கேள்வி கேக்குறப்ப கடன அடைக்கிற வரைக்கும் வெளிய போக விடலன்னு யாராவது சொல்லிட்டாங்கன்னா அது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள்ள வர்ற விஷயம், அப்ப யாருக்குச் சொல்லுவோம், அந்தக் குடும்பத்தக் கேக்காம சொல்லுவோமான்னு குழுவுல முன்னாடியே பேசி முடிவு பண்ணி வைங்க, அங்க நின்னுக்கிட்டு யோசிக்க முடியாது.

ரத்தம் எடுக்குறதா இருந்தா, கிரியேட்டினின் கூட இருக்குற ஆள எந்த அரசு ஆஸ்பத்திரில யார் பாப்பாங்க, அன்னைக்குக் கூலியும் பஸ் காசும் யார் குடுப்பாங்கன்னு எழுதி வச்சுட்டு அப்புறம் ஊசிய எடுங்க. மக்களைத் தேடி மருத்துவம் மாதிரி நல்ல திட்டம் இருந்தாலும் அது வீட்டத் தேடி வர்றது, வீடு பூட்டிக் கெடந்தா மாத்திரை யார்கிட்ட குடுப்பாங்க? அதனால போற ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கிராம சுகாதார நர்ஸ ஆரம்பத்துலயே பாத்துப் பேசிடுங்க.

ரிசல்ட்ட எப்ப திருப்பிக் குடுக்குறது

இங்கதான் ஆரம்பத்துல சொன்ன அந்த சார்ட்டுக்குத் திரும்ப வரணும். ஒரு தடவ நாங்க ரிசல்ட்ட டைப் பண்ணி, சரிபாத்து, அழகா கார்டு அடிச்சு, எடுத்துட்டுப் போறதுக்கு லேட்டாயிடுச்சு. ஊருக்குப் போனப்ப முக்கால்வாசிப் பேர் அடுத்த சீசனுக்கு முன்பணம் வாங்கியாச்சு. ஒரு தம்பிக்குக் கிட்னி நல்லா இல்ல, வெயில் வேல வேணாம்னு டாக்டர் சொல்றார், அவன் என்னப் பாத்து, போன மாசம் சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டேனேக்கா, இப்ப காசு வீட்டுக் கூரைக்குப் போயிடுச்சேன்னான். என்கிட்ட பதில் இல்ல.

அதனால உங்க சார்ட்டுல முன்பணம் கைமாறுற மாசத்த செவப்புல வட்டம் போடுங்க, ரிசல்ட் அதுக்கு ஒரு மாசம் முன்னாடி அவங்க கையில இருக்கணும், அந்தத் தேதிய முதல்ல எழுதிட்டு அங்கருந்து பின்னாடி எண்ணி ரத்தம் எடுக்குற நாள், லேப், பிரிண்ட் எல்லாத்தையும் வைங்க. கட்டுரை எப்ப வேணா வரட்டும். கார்டுல பெரிய எழுத்துல மூணே வரி: உங்க கிட்னி எப்படி இருக்கு, எந்த மாத்திரைய விடணும், எந்த ஆஸ்பத்திரில எந்தக் கிழமை யாரப் பாக்கணும். படிக்கத் தெரியாதவங்களுக்கு வாய்ல சொல்லுங்க, வீட்ல தனியா வச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க காதுல விழாம.